பலமொழித் தளத்தில் எழுத்து எங்கே உடைகிறது? அறிகுறியைப் பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

ஒரு தளத்தை இரண்டு மூன்று மொழிகளில் நடத்துகிறவர்கள் எனக்குச் சொல்லும் புகார் பெரும்பாலும் ஒரே வரிதான்: "தமிழ் சரியா வரல." கட்டம் கட்டமாகத் தெரிந்தாலும் அதே வரி, கேள்விக்குறியாக வந்தாலும் அதே வரி, தேடுபொறியில் பக்கத்தையே காணோம் என்றாலும் அதே வரி. ஆனால் மூன்றுக்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு. வியாதி தெரியாமல் மருந்து கொடுத்து, நன்றாக இருந்த தரவுத்தளத்தைக் கெடுத்துவிட்டு வந்து நின்றவர்கள் உண்டு. அதனால் எதிலும் கை வைப்பதற்கு முன் திரையில் என்ன தெரிகிறது என்று நிதானமாகப் பாருங்கள். ஒரு பேக்கப் எடுத்து வையுங்கள். பிறகு கீழே உங்கள் அறிகுறியைத் தேடுங்கள்.

சோதனைக்கு நான் எப்போதும் "வணக்கம்" என்ற சொல்லைத்தான் வைத்துக்கொள்வேன். நம் கண்ணுக்கு அது 5 எழுத்து. ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் ஓர் எண் கொடுக்கும் யூனிகோடு கணக்கில் 7 குறியீடு: வ, ண, க, புள்ளி, க, ம, புள்ளி. அந்தக் குறியீடுகளைப் பைட்டாக எழுதும் யூடிஎஃப்-8 முறையில் சேமித்தால் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட், ஆக 21 பைட். 5, 7, 21. இந்த மூன்றில் எது எங்கே தலைகாட்டுகிறது என்பதை வைத்தே பாதிப் பிழைகளைப் பிடித்துவிடலாம்.

வெறும் கட்டங்கள் தெரிகின்றன

இது எழுத்துரு விவகாரம். தரவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த எழுத்துக்கான வடிவம் தளத்தின் எழுத்துருவிலும் இல்லை, பார்ப்பவரின் கருவியிலும் இல்லை. அந்தக் கட்டங்களுக்கு இந்தத் துறையில் "டோஃபு" என்று பெயர். டோஃபுவே வரக்கூடாது என்ற எண்ணத்தில்தான் கூகுள் தன் எழுத்துருக் குடும்பத்துக்கு "நோட்டோ" என்று பெயர் வைத்தது. நோட்டோ சான்ஸ் டமில் போன்ற ஒன்றைத் தளத்தோடு சேர்த்து அனுப்பினால் முடிந்தது.

ஆனால் புள்ளிகளால் ஆன ஒரு வட்டம் தெரிந்து, அதன் பக்கத்தில் கொம்போ துணைக்காலோ ஒட்டிக்கொண்டிருந்தால் அது வேறு கதை. உயிர்க்குறிக்கு முன்னால் மெய் இல்லை என்று உலாவி சொல்கிறது. பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய உரையில் கொம்பு முன்னாலும் எழுத்து பின்னாலுமாக, கண்ணுக்குத் தெரிந்த வரிசையிலேயே குறியீடுகள் கிடக்கும். அங்கே எழுத்துருவை எத்தனை முறை மாற்றினாலும் பயன் இல்லை. உரையைத்தான் திருத்த வேண்டும்.

பக்கம் முழுக்க அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாக இருந்தால் அது யூனிகோடே அல்ல. பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த "அம்மா", அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று நிற்கும். எழுத்துரு மாற்றும் கருவி ஒன்றில் போட்டு யூனிகோடாக்கிய பிறகே தளத்தில் ஏற்றுங்கள்.

கேள்விக்குறிகள் தெரிகின்றன, அல்லது வினோதமான ஐரோப்பிய எழுத்துகள்

இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். இரண்டு அறிகுறிகளும் தரவுத்தளத்துக்கும் பக்கத்துக்கும் நடுவில் எழுத்துக் குறிமுறை, அதாவது எந்த எழுத்துக்கு எந்தப் பைட் என்ற விதி, பொருந்தாததால் வருபவை. ஆனால் ஒன்றில் உரை உயிரோடு இருக்கலாம், மற்றதில் போயே போயிருக்கலாம். எது என்று திரையைப் பார்த்து எப்போதும் சொல்ல முடியாது. உள்ளே இருக்கும் பைட்டைப் பார்க்க வேண்டும்.

மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில், பைட்டை அப்படியே காட்டும் ஹெக்ஸ் என்ற சார்பு இருக்கிறது. சந்தேகம் உள்ள நெடுவரிசையில் ஒரே ஒரு வரிசையை எடுத்து அதற்குள் போட்டுப் பாருங்கள். "அ" என்ற எழுத்தை வைத்துச் சொல்கிறேன். பைட்டுகள் ஆங்கில எழுத்தும் எண்ணுமாக இ0, ஏஇ, 85 என்று இருந்தால் உள்ளே கிடப்பது யூடிஎஃப்-8 தமிழ்தான். சி3, ஏ0, சி2, ஏஇ என்று தொடங்கினால் யூடிஎஃப்-8 உரையை லத்தீன்-1 என்ற ஐரோப்பியக் குறிமுறை என்று நினைத்து யாரோ இன்னொரு முறை யூடிஎஃப்-8 ஆக்கியிருக்கிறார்கள். இரட்டை வேலை நடந்திருக்கிறது. 3எஃப் மட்டும் இருந்தால் அது உண்மையான கேள்விக்குறி. உரை எழுதப்பட்ட நொடியிலேயே போய்விட்டது.

அந்த வினோத எழுத்துகள் எங்கிருந்து வருகின்றன என்பதும் இதிலேயே இருக்கிறது. இ0 என்ற பைட்டை லத்தீன்-1 கண்ணோடு பார்த்தால் தலையில் கோடு போட்ட ஆங்கில ஏ. ஏஇ என்பது வட்டத்துக்குள் ஆர், வணிக முத்திரைக் குறி. தமிழ் எழுத்துகளில் பெரும்பாலானவை இ0, ஏஇ என்றுதான் தொடங்கும். அதனால்தான் உடைந்த தமிழ்ப் பக்கத்தில் இந்த இரண்டும் மாறி மாறி வந்துகொண்டே இருக்கும். இந்த ஜோடியைக் கண்டால் நிம்மதியாக மூச்சு விடுங்கள். உரை உள்ளே இருக்கிறது.

உள்ளே பைட் சரியாக இருந்து திரையில் மட்டும் கேள்விக்குறி வந்தால், தரவுத்தள இணைப்பின் குறிமுறைதான் தவறு. இணைப்பை யூடிஎஃப்8எம்பி4 (மைஎஸ்கியூஎல்லில் முழு யூடிஎஃப்-8க்கு அதுதான் பெயர்) என்று அமைத்தால் உரை திரும்பி வந்துவிடும். இங்கே கேள்விக்குறிகளை எண்ணிப் பாருங்கள். "வணக்கம்" 7 கேள்விக்குறியாக வந்திருந்தால், யாரோ அதைத் தமிழ் என்று சரியாகப் புரிந்துகொண்டு, தமிழுக்கு இடமில்லாத குறிமுறைக்கு மாற்றியிருக்கிறார்கள். 21 வினோத எழுத்தாக வந்திருந்தால், அது தமிழ் என்றே தெரியாமல் பைட் பைட்டாகப் படித்திருக்கிறார்கள்.

நெடுவரிசை லத்தீன்-1 என்று இருந்து, உள்ளே கிடப்பது மட்டும் யூடிஎஃப்-8 பைட்டாக இருந்தால், அட்டவணையை நேரடியாக யூடிஎஃப்8எம்பி4-க்கு மாற்றும் கட்டளையைக் கொடுத்துவிடாதீர்கள். அந்தக் கட்டளை ஒவ்வொரு பைட்டையும் ஒரு லத்தீன் எழுத்தாக எண்ணி மாற்றும். ஒற்றைக் குழப்பம் இரட்டைக் குழப்பமாகும். முதலில் நெடுவரிசையை பைனரி வகைக்கு மாற்றுங்கள். அப்போது அது வெறும் பைட் குவியல், யாரும் அதை மாற்றப் பார்க்க மாட்டார்கள். பிறகு பைனரியிலிருந்து யூடிஎஃப்8எம்பி4 உரைக்கு மாற்றுங்கள். ஏற்கெனவே இரட்டையாகக் கெட்டிருந்தால் அதே பாதையில் பின்னோக்கி நடக்க வேண்டும்: லத்தீன்-1க்கு மாற்று, பைனரி என்று எடுத்துக்கொள், யூடிஎஃப்8எம்பி4 என்று படி. இதை முதலில் ஒரு நகல் அட்டவணையில், பத்து வரிசையில் செய்து பார்த்துவிட்டு வாருங்கள்.

தமிழ் சரியாக வருகிறது, ஆனால் எமோஜி போட்டால் சேமிக்க மறுக்கிறது அல்லது அந்த இடத்தில் உரை வெட்டுப்படுகிறது என்றால், மைஎஸ்கியூஎல்லில் வெறும் யூடிஎஃப்8 என்ற பெயரில் இருப்பது 3 பைட் வரைதான் தாங்கும். தமிழுக்கு 3 போதும், எமோஜிக்கு 4 வேண்டும். 8.0 பதிப்பிலிருந்து யூடிஎஃப்8எம்பி4 தானாகவே இயல்பு அமைப்பாக வருகிறது. பழைய தளத்திலிருந்து கொண்டுவந்த அட்டவணைகளோ பழைய அமைப்போடுதான் வரும். ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

சுருக்கத்தின் கடைசி எழுத்து உடைகிறது

கட்டுரையின் முதல் சில எழுத்துகளை எடுத்து முகப்பில் காட்டும் இடத்தில், கடைசியில் ஒரு கறுப்பு வைரமும் அதற்குள் கேள்விக்குறியும் வந்தால், யாரோ பைட் கணக்கில் வெட்டியிருக்கிறார்கள். 100 பைட் என்று வெட்டினால் 33 தமிழ்க் குறியீடு போக ஒரு பைட் தனியாக நிற்கும். அந்த அநாதை பைட்தான் வைரமாகத் தெரிகிறது.

பிஎச்பி நிரலில் பைட் கணக்கில் வெட்டும் சப்ஸ்டர் இருக்கும் இடத்தில், குறியீட்டுக் கணக்கில் வெட்டும் எம்பி சப்ஸ்டர் போட்டால் வைரம் போய்விடும். பலரும் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள், நிறுத்தக் கூடாது. எம்பி சப்ஸ்டர் 7-ஐ எண்ணுகிறது, நாம் படிப்பது 5. "வணக்கம்" என்பதில் முதல் 3 குறியீட்டை எடுத்தால் "வணக" வரும். புள்ளி போய், மெய் உயிர்மெய்யாகிவிட்டது. "கொடு" என்பதை ஒன்றில் வெட்டினால் "க". வைரத்தைக் கண்டால் பிழை என்றாவது தெரியும். இது பிழை என்றே தெரியாத பிழை. பிஎச்பியின் இன்டில் நீட்சியில் உள்ள கிராஃபீம் சப்ஸ்டர் நம் கண் எண்ணுவதுபோல எண்ணும். ஜாவாஸ்கிரிப்டில் இன்டில் செக்மென்டர் அதே வேலையைச் செய்யும். முடிந்தால் சொல் முடியும் இடத்திலேயே வெட்டுங்கள். படிக்கிறவருக்கு அதுதான் மரியாதை.

பக்க முகவரி பாதியில் நிற்கிறது, அல்லது புள்ளியும் கொம்பும் காணாமல் போகின்றன

முகவரியில் வரும் தமிழ், சதவீதக் குறியோடு எழுதப்படும்போது ஒவ்வொரு குறியீடும் 9 எழுத்தாகும். "வணக்கம்" ஒன்றே 63. வேர்ட்பிரஸ் இந்த முகவரித் துண்டை இப்படி விரித்த வடிவத்திலேயே 200 எழுத்துள்ள இடத்தில் வைக்கிறது. கணக்குப் போட்டால் 22 தமிழ்க் குறியீடு, மூன்று நான்கு சொல்லுக்குள் தீர்ந்துவிடும். நீண்ட தலைப்புகள் ஒரே மாதிரித் தொடங்கினால் முகவரிகளும் ஒரே இடத்தில் வெட்டுப்பட்டு, பின்னால் 2, 3 என்று எண் ஒட்டிக்கொள்ளும். தலைப்பு நீளமாக இருக்கட்டும். முகவரியை மட்டும் கையால் இரண்டு சொல்லில் எழுதுங்கள்.

சொந்தமாக நிரல் எழுதிய தளங்களில் வேறொன்று நடக்கும். "எழுத்துகளை மட்டும் வை, மற்றதை நீக்கு" என்ற விதியில் ஆங்கில ஏ முதல் இசட் வரை மட்டும் கொடுத்திருந்தால் தமிழ் முகவரி வெறுமையாகிவிடும். அதைத் திருத்துகிறேன் என்று யூனிகோடின் எழுத்து வகையை மட்டும் சேர்த்தால் "வணக்கம்" என்பது "வணககம" ஆகும். யூனிகோடில் புள்ளியும் உயிர்க்குறிகளும் எழுத்து வகையில் இல்லை, குறி வகையில் இருக்கின்றன. எழுத்து வகைக்குப் பி எல் என்று எழுதிய விதியின் பக்கத்தில் குறி வகைக்கான பி எம் என்பதையும் சேர்த்தால்தான் தமிழ் முழுதாக நிற்கும். பெயர்ப் பெட்டியில் தமிழ்ப் பெயரை ஏற்க மறுக்கும் படிவங்களுக்கும் இதே காரணம்தான். தன் பெயரைத் தன் மொழியில் எழுதியவரிடம் "செல்லாத எழுத்து" என்று சொல்லும் படிவத்தை எங்கே பார்த்தாலும் அன்றே திருத்துங்கள்.

கண்ணெதிரே இருக்கும் சொல் தேடினால் கிடைக்கவில்லை

"கொ" என்பதை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். க-வோடு ஒகரக் குறி ஒன்று. அல்லது க, ஒற்றைக்கொம்பு, துணைக்கால் என மூன்று. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். பைட்டுக்குப் பைட் ஒப்பிடும் தேடலுக்கு இரண்டும் வேறு வேறு சொல். சேமிக்கும்போதும் தேடும்போதும் உரையை, பிரிந்து நிற்கும் குறிகளை ஒன்றாக்கும் என்எஃப்சி வடிவத்துக்குக் கொண்டுவந்தால் இந்தச் சிக்கல் அடங்கும்.

ஔகாரம் அப்படி அடங்காது. "கௌ" என்பதற்குப் பதில் பலர் "கெ" அடித்து "ள" சேர்த்துவிடுகிறார்கள்; "ஔ" என்பதற்கு "ஒள". கண் ஏமாறும், என்எஃப்சி ஏமாறாது. அது உண்மையிலேயே ளகரம்தான் என்பதால் அப்படியே விட்டுவிடும். மொத்தமாக மாற்றவும் முடியாது. "கெளுத்தி" என்ற மீனின் பெயரில் அது சரியான எழுத்து. உங்கள் தளத்தில் வரும் சொற்களுக்கு ஒரு சிறு பட்டியல் வைத்து, தேடல் சொல்லை மட்டும் இரண்டு வடிவத்திலும் தேடச் சொல்லுங்கள்.

அகரவரிசை தவறாக வருவதும் இதன் உறவுதான். யூனிகோடு எண் வரிசையில் ந-வுக்கு அடுத்து ன, ர-வுக்கு அடுத்து ற, ள-வும் ழ-வும் முடிந்து கடைசியில் வ. நாம் படித்த வரிசையோ ய, ர, ல, வ, ழ, ள, ற, ன. எண் வரிசையில் அடுக்கும் இடத்தில் மொழிக்கேற்ப அடுக்கும் இன்டில் கொலேட்டரைத் தமிழ் என்று சொல்லிப் பயன்படுத்துங்கள். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் அதற்கு ஐசியூ வரிசைமுறை இருக்கிறது.

மொழியை மாற்றினாலும் பழைய மொழியே வருகிறது

ஒரே முகவரியில், பார்ப்பவரின் உலாவி கேட்கும் மொழியைப் பொறுத்துத் தமிழும் ஆங்கிலமும் மாறி மாறித் தருகிறீர்களா? நடுவில் இருந்து பக்கத்தின் நகலைச் சேமித்துக் கொடுக்கும் கேஷ், முதலில் வந்தவருக்குக் கொடுத்த மொழியையே எல்லோருக்கும் கொடுக்கும். சர்வர் பக்கத்தோடு அனுப்பும் வேரி தலைப்பில் மொழியைக் குறிப்பிடலாம், ஆனால் அதை மதிக்காத கேஷ்கள் உண்டு. மொழிக்கு ஒரு முகவரி கொடுத்துவிடுவதே என் முடிந்த முடிவு. தமிழுக்கு ஒரு பாதை, ஆங்கிலத்துக்கு ஒரு பாதை. அப்போதுதான் ஒருவர் இன்னொருவருக்கு அனுப்பும் இணைப்பும் அனுப்பியவர் பார்த்த மொழியிலேயே திறக்கும்.

பக்கம் மாறுகிறது, சில பொத்தான்கள் மட்டும் பழைய சொல்லோடு நிற்கின்றன என்றால் மொழிபெயர்ப்புக் கோப்பைப் பாருங்கள். கெட்டெக்ஸ்ட் என்ற மொழிபெயர்ப்பு முறையில் நாம் திருத்துவது பிஓ கோப்பு, தளம் படிப்பது அதைத் தொகுத்த எம்ஓ கோப்பு. தொகுக்காமல் விட்டால் எத்தனை முறை திருத்தினாலும் மாறாது. தொகுத்தும் வரவில்லையா, அந்த வரிக்கு மேல் ஃபஸி, அதாவது சரிபார்க்க வேண்டியது, என்ற குறி இருக்கிறதா பாருங்கள். மூலச் சொல் மாறியதும் கருவி அதைத் தானாகவே போட்டுவிடும். ஃபஸி வரிகளைத் தொகுப்பான் சேர்க்காது.

தேடுபொறியில் தமிழ்ப் பக்கங்கள் வருவதே இல்லை

மனம் நொந்துபோகும் பிழை இதுதான். ஒருவர் மாதக்கணக்கில் உட்கார்ந்து மொழிபெயர்த்திருப்பார். பக்கம் அழகாகத் திறக்கும். தேடினால் ஆங்கிலம் மட்டும் வரும். நான் பார்த்த ஒரு தளத்தில் எல்லாத் தமிழ்ப் பக்கங்களின் கனானிக்கல் குறியும் ஆங்கிலப் பக்கத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. "நான் நகல், அசல் அங்கே இருக்கிறது" என்று ஒவ்வொரு தமிழ்ப் பக்கமும் தேடுபொறியிடம் தானே சொல்லிக்கொண்டிருந்தது. மொழிபெயர்ப்பு நகல் அல்ல. தமிழ்ப் பக்கத்தின் கனானிக்கல் அந்தத் தமிழ்ப் பக்கத்தையே காட்ட வேண்டும். முதலில் இதைப் பாருங்கள்.

அடுத்தது தானியங்கித் திருப்பம். பார்ப்பவர் எந்த நாட்டிலிருந்து வருகிறார் என்று ஐபி எண்ணை வைத்து ஊகித்து, அந்நாட்டு மொழிக்குத் திருப்பிவிடும் தளங்கள் இருக்கின்றன. பக்கங்களைப் படித்துப் போகும் கூகுளின் ஊர்வி பெரும்பாலும் அமெரிக்க எண்களிலிருந்துதான் வரும். மொழி விருப்பத்தையும் சொல்லாது. எந்தப் பக்கத்தைத் தட்டினாலும் அதை ஆங்கிலத்துக்கே தள்ளிவிட்டால் தமிழை அது எப்போது பார்க்கும்? மனிதர்களுக்கும் இது தொல்லைதான். வெளிநாட்டில் வசிக்கும் தமிழருக்கு அந்த நாட்டு மொழியைத் திணிக்கிறோம். திருப்பாதீர்கள். "இந்தப் பக்கம் தமிழிலும் இருக்கிறது" என்று ஒரு பட்டை காட்டுங்கள், முடிவு அவருடையது.

பிறகு எச்ரெஃப்லாங், அதாவது இதே பக்கம் வேறு மொழியில் எங்கே இருக்கிறது என்று தேடுபொறிக்குச் சொல்லும் குறி. இது கை குலுக்குவது மாதிரி, இரண்டு பக்கமும் நீட்ட வேண்டும். ஆங்கிலப் பக்கம் தமிழைக் காட்டினால் தமிழும் ஆங்கிலத்தைக் காட்ட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் காட்டினால் கூகுள் அதைப் பொருட்படுத்தாது. முகவரி முழுமையாக இருக்க வேண்டும், ஒவ்வொரு பக்கமும் தன்னையும் பட்டியலில் சேர்க்க வேண்டும். குறியீடுகளில் வழுக்கும் இடங்கள்: முதலில் வருவது மொழி, பிறகுதான் நாடு. ஜப்பானிய மொழிக்கு ஜேஏ, ஜேபி என்பது நாடு. பிரிட்டிஷ் ஆங்கிலத்துக்கு இஎன்-ஜிபி. யூகே என்று தனியாக எழுதினால் உக்ரேனிய மொழி. எஸ்ஐ மொழியாக வந்தால் சிங்களம், நாடாக வந்தால் ஸ்லோவேனியா. தமிழுக்கு டிஏ; நாடு சேர்ப்பதானால் இணைக்கோடுதான், சர்வர் கோப்புகளில் வரும் அடிக்கோடு இங்கே செல்லாது.

சொற்கள் சரி, வாக்கியம் தவறு

"குமார்க்கு அனுப்பப்பட்டது." "கலாக்கு அனுப்பப்பட்டது." நிரலில் பெயருக்குப் பின்னால் "க்கு" என்று ஒட்டியிருக்கிறார்கள். சோதித்தவர் "ரவி" என்று போட்டுப் பார்த்திருப்பார், "ரவிக்கு" என்று அழகாக வந்திருக்கும். குமாருக்கு, கலாவுக்கு என்று பெயரின் ஈற்றைப் பொறுத்து உருபு மாறும் என்பது ஆங்கிலத்தில் எழுதிய நிரலுக்குத் தெரியாது. பிரிவுப் பெயரோடு "இல்" ஒட்டினால் இன்னும் மோசம்: புத்தகம் என்பது புத்தகத்தில் ஆக வேண்டும், வீடு என்பது வீட்டில் ஆக வேண்டும். புணர்ச்சி விதிகளை நிரலாக எழுத முயலாதீர்கள். பெயர் உருபு ஏற்காத இடத்தில் வரும்படி வாக்கியத்தை மாற்றுங்கள். "பெறுநர்: குமார்." "தேடும் பிரிவு: புத்தகம்." சுருக்கமாகவும் இருக்கும், எந்தப் பெயருக்கும் உடையாது.

வரிசை புரள்வதும் உண்டு. ஆங்கிலத்தில் பக்க எண் முதலில் வரும், மொத்தம் பிறகு. தமிழில் "10 பக்கங்களில் 3ஆவது" என்று மொத்தம் முன்னால் வந்தாக வேண்டும். இடங்களுக்கு எண் கொடுக்காமல் வந்த வரிசையில் நிரப்பினால் "3 பக்கங்களில் 10ஆவது" என்று வரும். ஒவ்வொரு இடத்துக்கும் எண்ணோ பெயரோ கொடுங்கள், மொழிபெயர்ப்பவர் தன் மொழிக்கு ஏற்ப நகர்த்திக்கொள்வார். வாக்கியத்தைத் துண்டு துண்டாக வெட்டி மொழிபெயர்ப்பவரிடம் கொடுக்கவே கூடாது.

"1 கருத்துகள்" என்று வந்தால் பன்மை விதி இல்லை என்று பொருள். ஒன்று, மற்றவை என்று இரண்டே வடிவம் தமிழுக்குப் போதும். அரபுக்கு ஆறு. ரஷ்ய மொழியில் 21 என்ற எண்ணுக்கு 1-க்கு உரிய வடிவமே வரும். "ஒன்றுக்கு மேல் என்றால் பன்மை" என்று நீங்களே எழுதாமல், யூனிகோடு அமைப்பு தொகுத்த சிஎல்டிஆர் மொழி விதிகளைப் பின்பற்றும் நூலகத்திடம் விட்டுவிடுங்கள்.

அரபு, உருது பக்கங்களில் எல்லாம் புரண்டு கிடக்கிறது

பக்கத்தின் திசைப் பண்பை வலமிருந்து இடம் என்று போட்டிருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். சிஎஸ்எஸ்ஸில் இடது, வலது என்று எழுதிய ஓரங்களைத் தொடக்கம், முடிவு என்று மாற்றி எழுதினால் ஒரே கோப்பு இரண்டு திசைக்கும் பொருந்தும். நடுவில் வரும் தொலைபேசி எண்ணோ வேற்றுமொழிப் பெயரோ மட்டும் இடம் மாறினால் அதை, திசை கலக்காமல் பிரித்து வைக்கும் பிடிஐ என்ற குறிக்குள் அடைத்துவிடுங்கள்.

திரைவாசிப்பான் தமிழைப் படிக்க மறுக்கிறது

கண் பார்வை உள்ளவர்கள் இந்தப் பிழையைப் பார்க்கவே முடியாது, அதனால் வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும். பக்கம் தமிழில் இருக்கும்; மூலத்தைத் திறந்தால் முதல் வரியில், பக்கத்தின் மொழியைக் குறிக்கும் லாங் பண்பு ஆங்கிலம் என்று சொல்லும். பார்வையற்ற வாசகரின் திரைவாசிப்பான் அதை நம்பி ஆங்கிலக் குரலை எடுக்கும். அந்தக் குரலுக்குத் தமிழ் தெரியாததால் வரி வரியாக விட்டுவிட்டு, நடுவில் வரும் எண்களை மட்டும் படித்துப் போகும். எல்லோரும் அணுகும்படி தளம் அமைப்பதற்கான டபிள்யூசிஏஜி தரநிலையில் பக்கத்தின் மொழியைச் சொல்வது 3.1.1, அடிப்படையான ஏ நிலையிலேயே வருகிறது. பக்கத்துக்குள் மொழி மாறும் பகுதியைச் சொல்வது 3.1.2.

மொழி தேர்வுப் பட்டியலையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். கொடிப் படங்கள் வேண்டாம்; கொடி நாட்டுக்கு, மொழிக்கு இல்லை. ஒவ்வொரு மொழியின் பெயரையும் அதன் சொந்த எழுத்தில் எழுதி, அந்த இணைப்புக்கு மட்டும் தனியாக லாங் பண்பு கொடுங்கள். ஆங்கிலப் பக்கத்தில் இருக்கும்போதே "தமிழ்" என்ற அந்த ஒரு சொல்லைத் திரைவாசிப்பான் தமிழ்க் குரலில் சொல்லும். எங்கே தட்ட வேண்டும் என்று கேட்பவருக்குத் தெரிந்துவிடும்.